வேண்டாப் பொருளாய்ப் பிறந்த இறப்பர்

கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாக நிற்கும் இயல்புடையன. சாதாரண மஞ்சட் கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாக அமைந்துள்ளன. சோடியம் சல்பைட்டுக் கரைசலிற் கந்தகத்தை இட்டுச் சூடாக்கின் அவ்வளையம் உடைந்து சிறு சங்கிலிகள் தோன்றும். கரைசலும் செம்மஞ்சள் நிறம் பெறும். இதுவே சோடியம் பல்சல்பைட்டு. சுண்ணாம்போடு கந்தகத்தைக் கொதிக்கவைத்து உழவர் பூஞ்சண நோய்க்குத் தெளித்துவந்த நீரும் இவ்வினத்ததே. ஆயின் இக்கந்தகச் சங்கிலிகளைக் காபன் சேர்வைகளால் மாறிமாறித் தொடுத்தால் விளைவது முற்றிலும் வேறான பொருள். அது ஒருவகை இறப்பர்.

இத்தாக்கம் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே லோவிக், வைட்மான் என்னும் இரசாயன அறிஞரின் கைக்கு எட்டியிருந்தது. எதிலீன் இருகுளோரைட்டையும் பல்சல்பைட்டையும் சேர்த்து இறப்பர் போன்ற பொருளை அவர்கள் பெற்றனர். எனினும் அக்காலச் சேதன இரசாயனம் தூய பளிங்குகளையே நாடியது. பளிங்காகாமலும் எளிதிற் கரையாமலும் கிடந்ததொன்றை ஆராயப் பல்பகுதியம் பற்றிய கொள்கையும் அன்று இல்லை. அவர்களைக் குறைகூறுதல் முறையன்று.

1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில், மருத்துவம் பயின்று இரசாயனத்துக்குத் திரும்பிய ஜோசப் பற்றிக் என்பவரும் நேதன் முனூக்கினும் இதே தாக்கத்தைச் செய்தனர். அவர்கள் தேடியது இறப்பரன்று. மோட்டார் வண்டியின் நீர் குளிரில் உறையாது காக்கும் எதிலீன் கிளைக்கோலை மலிவாகப் பெறுவதே நோக்கம். கிடைத்ததோ துர்நாற்றம் வீசும் பிசின். அதனைக் கழிநீர்த் தொட்டியிற் கொட்ட, குழாய் அடைபட்டது. ஆய்வுகூடத்துக் கரைப்பான்கள் எவையும் அதனை அகற்றவில்லை என்பர். கழிவை அகற்ற முயன்றவருக்குத் தொல்லையாகத் தோன்றிய இக்கரையாமையே அதன் தலையாய குணமென்பதைப் பற்றிக் உணர்ந்துகொண்டார். மரத்தின் பாலிலிருந்து பெறும் இறப்பர் பெற்றோலில் ஊதி வலுவிழக்கும். இப்பிசினோ பெற்றோலையும் எண்ணெயையும் தாங்கி நின்றது.

உப்பு வணிகரான பெவிஸ் லோங்ஸ்ரெத்தின் முதலீட்டுடன் 1929இல் தயோக்கோல் கம்பனி தோன்றியது. கந்தகத்தையும் பசையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். அமெரிக்காவில் வணிக நோக்கில் முதன்முதல் உற்பத்தியான செயற்கை இறப்பர் இது. பெற்றோற் குழாய்களும் தாங்கிகளின் உட்பூச்சுகளும் இதனாற் செய்யப்பட்டன. எனினும் இழுவலிமை குறைவு, நாற்றமோ மிகுதி. தோட்ட இறப்பருக்கு இது போட்டியாகவில்லை. நாற்றத்தைப் பொறாத கன்சாஸ் நகரத்தாரின் முறைப்பாட்டினால் தொழிற்சாலை நியூ ஜேர்சி மாநிலத்துக்குப் பெயர்ந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பற்றிக்கும் அவருடன் உழைத்தோரும் நீண்ட சங்கிலிகளை அளவறிந்து வெட்டி, இரு முனைகளிலும் கந்தக-ஐதரசன் கூட்டம் நிற்கும் திரவத்தைப் பெற்றனர். ஈயவீரொட்சைட்டைக் கலந்தால் அம்முனைகள் ஒட்சியேற்றமடைந்து ஒன்றோடொன்று மீளப் பிணையும். ஊற்றிய திரவம் சாதாரண வெப்பநிலையிலேயே, பெரிதுஞ் சுருங்காது, இறப்பராக இறுகும். விமான இறகின் உட்புறத்தையே எரிபொருட் தாங்கியாக்க முயன்றவர்களுக்குத் தேவைப்பட்டது இதுவே. தகடுகளின் பொருத்துகளிலும் ஆணித்துளைகளிலும் பூசினால் பெற்றோல் கசியாது. இறகு அதிர்ந்து நெளியும்போது பூச்சும் உடன் நெளியும்.

போர் முடிந்ததும் அத்திரவத்துக்கு எவரும் எதிர்பாராத ஒரு தேவை எழுந்தது. கலிபோர்னியாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் ஜாக் பாசன்ஸ் 1942இல் தாரையும் பொற்றாசியம் பேர்குளோரேற்றையும் கலந்து ரொக்கற் உந்துபொருள் செய்திருந்தார். தார் குளிரில் வெடித்தது, வெயிலில் இளகியது. வெடிப்பு விழுந்தால் எரியும் பரப்பு திடீரெனப் பெருகி, அமுக்கம் கூடி ரொக்கற் சிதறக்கூடும். இதற்கு மாற்றுத் தேடிய சாள்ஸ் பாட்லி இத்திரவ இறப்பரைக் கண்டுகொண்டார். அது கலனின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. குளிருக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுத்தது. தானே எரிபொருளாகவும் அமைந்தது. நடுவே நட்சத்திர வடிவத் துளை விட்டு வார்த்தால் தீ உள்ளிருந்து வெளிநோக்கிப் பரவும். எரிந்து முடியும்வரை இறப்பரே சுவரைக் காக்கும். பெரிய திண்ம ரொக்கற்றுகளுக்கு வழிதிறந்தது இவ்வமைப்பே.

ஆய்வுகூடம் இத்திரவத்தைச் சிறுசிறு அளவாக வாங்குவதன் காரணத்தை விசாரித்தறிந்த கம்பனி, அத்தொழிலில் தானும் இறங்கியது. 1948இல் மேரிலாந்தின் எல்க்ரனிலும் அடுத்த ஆண்டில் அலபாமாவின் ஹன்ற்ஸ்வில்லிலும் அதன் ரொக்கற் பணி தொடங்கிற்று. ஆயினும் கந்தகம் பாரமான அணு. எரிந்து தரும் உந்துதல் குறைவு. சில ஆண்டுகளில் பொலிபியூற்றடையீன் வகை இறப்பர்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டபோது அக்கம்பனியின் பெயரை உலகம் கேட்டது. குளிரில் மீள்தன்மை குன்றிய அந்த அடைப்பு வளையங்கள் புளோரின் கலந்த வேறோர் இறப்பராலானவை; பல்சல்பைட்டால் ஆனவையல்ல. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் தவறு.

ரொக்கற்றிலிருந்து விலகிய பின்னரும் பல்சல்பைட்டு மறையவில்லை. இரட்டைக் கண்ணாடி யன்னல்களின் ஓரங்களையும் கட்டடப் பொருத்துகளையும் அது அடைத்து நிற்கின்றது. பயணிகள் விமானத்தின் இறகினுள் எரிபொருள் கசியாது காப்பதும் பெரும்பாலும் அதுவே. ஈயத்துக்குப் பதிலாக மங்கனீசு ஒட்சைட்டைக் கொண்டு அதனை இறுகச் செய்யும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது.