கம்பிக்கு ஒரு கவசம்

1836-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, உலோகம் போர்த்த அறையொன்றினுள் அமர்ந்து, வெளியே பாய்ந்த மின்பொறி உள்ளே எட்டாமையைக் கண்டறிந்தார். அவ்வறையையே குழாயாக நீட்டினாற்போல, நடுக்கம்பியைச் சுற்றி உலோகக் கவசம் அமைக்கும் முறைக்கு ஆலிவர் ஹெவிசைட் 1880-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அயற்கம்பிகளின் இரைச்சலை விலக்குவதே அதன் நோக்கம்.

1990-களில் ஐதராபாத்தில் நம் வீடுகளுக்குத் தமிழ்த் தொலைக்காட்சியைக் கொணர்ந்ததும் இக்கம்பியே. மின்கம்பங்களைப் பற்றியே அது தெருத்தெருவாகப் படர்ந்தது. ஆங்கே மின்கம்பி உரசுமாயின், காக்க வந்த கவசமே மின்சாரத்தை வீட்டிற்குள் கொணரும். ஆதலின், கேபிள் வீட்டினுள் புகுமிடத்தில் கவசத்தை வீட்டின் மின் எர்த்தோடு பிணைத்தல் வேண்டும். அதனோடு சேராமல் தனியே வேறோர் எர்த்து அமைப்பின், இரண்டிற்குமிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றி, ஒலியில் முனகலும் படத்தில் பட்டைகளும் எழும்.

2025 ஆகஸ்டில், ராமந்தாபூரில் கண்ணன் பிறந்தநாள் தேர் ஊர்வலத்தில் மின்சாரம் பாய்ந்து ஐவர் மாண்டனர். அதன்பின் நகரின் மின்கம்பங்களில் தொங்கிய கேபிள்களை அறுத்து அகற்றினர். உயரழுத்த மின்சாரத்தின் முன் வீட்டு எர்த்து மட்டும் போதாது. விலகி நிற்றலே முதற்காப்பு. ஆயினும், நம் இல்லத்துக் கேபிளின் கவசம் எர்த்தோடு பிணைந்துள்ளதா என்று, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு நாம் பார்த்துக்கொள்ளுதல் நலம்.