செத்த காலேஜில் சமகாலம்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கினால் எங்கள் வீட்டில் எழும் முதல் கேள்வி, "செத்த காலேஜுக்குப் போலாமா, உயிர் காலேஜுக்குப் போலாமா?" என்பதுதான். உயிர் காலேஜ் என்றால் சென்ட்ரல் பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் பாந்தியன் சாலையிலிருக்கும் அரசு அருங்காட்சியகம். சென்னையின் எளிய மக்கள் வைத்த பெயர் இது. அரசு ஆவணங்களில் இல்லாத இந்தப் பெயரை வேடிக்கைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த நிறுவனத்தைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது இது என்றே நினைக்கிறேன். அங்கே சமகாலக் கலைக் கண்காட்சி என்று அழைப்பிதழ் வரும்போதெல்லாம் இந்தப் பெயர்தான் நினைவில் இடறுகிறது. செத்த காலேஜில் சமகாலம் எங்கே உட்காரும்?

அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. முதலில் இருந்த இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகம். 'காலேஜ்' என்ற சொல் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. 1854 இறுதியில் எழும்பூருக்கு வந்தது. பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் ஒரு வைத்தியர். கல்லையும் எலும்பையும் விட உயிருள்ள மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்பதைக் கவனித்து, 1855இல் அதே வளாகத்தில் மிருகங்களை வைத்தார். 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. உயிரும் சாவும் இரண்டு காலேஜாகப் பிரிந்த கதை இதுதான்.

ஆனால் 'செத்த' என்ற சொல்லின் முழு எடை தெரிய வேண்டுமானால் எட்கர் தர்ஸ்டனிடம் போக வேண்டும். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலை ரங்காச்சாரியின் துணையோடு எழுதியவர். இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் 'பூர்வீகத்தை' நிறுவ அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகின்றன. இந்த மனிதர் அருங்காட்சியகத்திலேயே மனித உடல்களை அளக்க ஆரம்பித்தார். மண்டையின் நீள அகலம், மூக்கின் நீள அகலம், கை நீளம். பார்க்க வந்தவன் பார்க்கப்படும் பொருளானான். நுழைவாசலில் பார்வையாளராக நுழைந்து அளவுகோலின் கீழே மாதிரியாக நிற்பது என்கிற இந்த இடமாற்றம் காலனிய அறிவின் மொத்தச் செயல்பாட்டையும் ஒரே அறைக்குள் காட்டிவிடுகிறது.

தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த வயநாட்டுக்குள் அவர் போனபோது பணியர் இனப் பெண்கள் அவரைக் கண்டு ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல வாட்டசாட்டமானவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்ற பயம். இதைச் சொல்லிவிட்டு, அப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், உருவ மாதிரிகள் கிடைக்காத தொல்லை தீர்ந்துபோகுமே என்று தர்ஸ்டன் நகைச்சுவையும் செய்கிறார். படிப்பவர்கள் காட்டுவாசிகளின் அறியாமையைக் கண்டு சிரிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் ஓடியது சரியான வாசிப்பின் விளைவு. அறிவுக்கும் அதிகாரத்துக்குமான உறவைத் தெரிந்துகொள்ள நமக்கு ஃபூக்கோ தேவைப்பட்டார். பஞ்சடைத்த மிருகங்கள் இருக்கும் இடத்துக்கு மனித உடலைத் தேடி ஒருவன் வருகிறான் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்திருந்தது. நகரத்து ஏழைகள் வைத்த 'செத்த' என்ற பெயரும் வயநாட்டுப் பெண்களின் ஓட்டமும் ஒரே விமர்சனத்தின் இரண்டு வடிவங்கள்.

இதற்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பிறப்பிலேயே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு ஓராண்டு முன்னால், 1850இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற இன்னொரு வைத்தியர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இரண்டு வைத்தியர்கள், இரண்டு நிறுவனங்கள். ஒன்று பொருள்களைச் சேகரித்து வகைப்படுத்தியது. மற்றது அந்தப் பொருள்களைச் செய்யும் கைகளைப் பழக்கியது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கம்மாளனை 'கைவினைஞன்' என்றும், சட்டமிட்ட படம் வரைபவனைக் 'கலைஞன்' என்றும் பிரிக்கும் கோடு இந்த இரண்டுக்கும் நடுவேதான் கெட்டிப்பட்டது. அதே மதராஸில் 1873இல் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் ரவி வர்மா தங்கப் பதக்கம் வாங்கினார். அன்றைக்கு அது சமகாலக் கலை. பிறகு அவரும் எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

ஓவியப் பள்ளியின் பிற்காலக் கதை நமக்குத் தெரிந்ததே. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1957இல் கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம். ஐரோப்பிய நவீனத்துவத்தின் நிழலிலிருந்து வெளியே வர, ஜாதகக் கட்டத்தையும் ஓலைச் சுவடியின் எழுத்தையும் போல ஒன்றைப் பணிக்கர் கித்தானுக்குள் கொண்டுவந்தார். ஆனால் கைவினைக்கும் கலைக்கும் நடுவிலிருந்த அந்தக் கோட்டை நவீனத்துவர்கள் எவ்வளவு அழித்தார்கள் என்பது தனி விவாதம். சோழமண்டலத்தில் பத்திக் துணி விற்றுச் சாப்பிட்டுக்கொண்டு ஓவியம் வரைந்தார்கள். துணி கைவினை, ஓவியம் கலை என்ற பிரிவு அங்கேயும் செத்துப்போகவில்லை.

1909இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்த சிவப்புக் கட்டிடம் 1951இல் தேசியக் கலைக்கூடமானது. விரிசல் கண்டு 2002இல் பூட்டினார்கள். அந்த வருடம் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போகும் வயது வரை பூட்டு தொங்கியது. சமகாலக் கலைக்கு வளாகத்திலேயே தனிக் கட்டிடம் கொடுத்தார்கள். காணும் பொங்கல் கூட்டம் திமிங்கல எலும்பையும் வெண்கலச் சிலையையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். நம்மில் பலர் ஆதிமூலத்தை முதலில் பார்த்தது எந்த அருங்காட்சியகச் சுவரிலும் அல்ல, சிற்றேட்டின் அட்டையில்தான். கசடதபற காலத்திலிருந்து ஐந்நூறு பிரதி அச்சடித்த ஏடுகள் செய்த வேலையை இத்தனை ஏக்கர் வளாகம் செய்யவில்லை என்பதை ஒரு பெருமையாக அல்ல, வயிற்றெரிச்சலாகவே சொல்கிறேன்.

தனிக் கட்டிடம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர் ஒரு கண்காட்சி நடத்தினார். இடம், 1844இல் ஏற்பட்ட மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகம். வெள்ளைக் கனவான்களின் பழம்பெருமைகளைப் பாதுகாத்த இடம். வில்சன் புதிதாக எதையும் செய்து கொண்டுபோகவில்லை. கழகத்தின் இருப்பறையிலிருந்தே எடுத்தார். வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்களின் நடுவே அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு. பெயர்ச்சீட்டில் 'உலோக வேலை, 1793–1880' என்று மட்டும். அழகான பழைய நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அவற்றின் எதிரே சவுக்கடி மரம். வெள்ளைப் பீடங்களில் நெப்போலியன் உட்பட மேரிலாந்துக்காரர் அல்லாத மூவரின் மார்பளவுச் சிலைகள். பக்கத்தில் மூன்று கறுப்புப் பீடங்கள் காலியாக. அவற்றில் ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் என்று பெயர் மட்டும். மூவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள், கழகத்திடம் அவர்களுக்குச் சிலை இல்லை.

வில்சன் ஒரு காலத்தில் அருங்காட்சியகக் காவலாளியாக வேலை பார்த்தவர். நாள் முழுக்க நின்று பார்த்த கண் அது. எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதே ஒரு கதையாடல் என்று அவர் காட்டினார். வெள்ளியும் விலங்கும் தனித்தனி அறையில் இருந்தவரை இரண்டும் அப்பாவிப் பொருள்கள்.

எழும்பூரில் இதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மானிடவியல் கூடத்தில் மலைவாழ் மக்களின் அம்பும் வில்லும் இருக்கின்றன, செய்தவன் பெயர் இல்லாமல். வெண்கலக் கூடத்தில் நூற்றாண்டு உண்டு, வார்த்த ஸ்தபதி இல்லை. ஆதிச்சநல்லூர்த் தாழியும் அமராவதிச் சலவைக்கல்லும் உண்டு. அந்தக் கற்களில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறிய கதை எந்தக் குழந்தைக்கும் புரியும்படி இல்லை. சமகால ஓவியன் தன் கித்தானைத் தனிக் கட்டிடத்தில் மாட்டும்போது இந்தப் பிரிவினைகள் அனைத்துக்கும் கையெழுத்துப் போடுகிறான்.

ஓவிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சலித்துக்கொண்டார். "சுவரு கெடைக்கறதே பெரும்பாடு. நீ எந்தச் சுவருன்னு கேக்கற." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தனியார் கூடங்களின் வாடகை தெரிந்தவர்கள் அரசுச் சுவரை எளிதில் உதற மாட்டார்கள். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

போன முறை வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜருக்கு முன்னால் ஒரு கிழவி நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கும்பிட இரண்டு கையும் வேண்டும், செருப்பைக் கீழே வைத்தால் காவலாளி திட்டுவாரோ என்று தயக்கம். கடைசியில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டாள். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.