காய்கறி உண்ண மறுக்கும் பிள்ளைகள் – ஒரு வரலாற்றுப் பார்வை



பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் ஆசிரியர்களின் காதில் தவறாமல் விழும் முறையீடு ஒன்று உண்டு. "டீச்சர், இவனுக்குச் சோறும் பொரித்த கோழியும் இருந்தால் போதும். காய்கறியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான், கொஞ்சம் சொல்லுங்களேன்!" எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் ஆசிரியர் கத்தரிக்காயையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. இந்த முறையீட்டின் பின்னால் ஒவ்வொரு நாளும் உணவு மேசையில் நடக்கும் போராட்டமும் கண்ணீரும் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே, இதைச் சிரித்துக் கடந்துவிட மனம் வருவதில்லை.

இது நம் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலும் இதே முறையீட்டோடு பெற்றோர் மருத்துவர்களை நாடினார்கள். அதற்கு விடைகாண முனைந்த ஒரு பெண் மருத்துவரின் ஆய்வு, குழந்தை உணவு பற்றிய வரலாற்றில் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுவே. அந்த ஆய்வைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அக்காலச் சூழலைச் சற்றுப் பார்ப்போம். லூதர் எம்மெட் ஹோல்ட் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1894-ஆம் ஆண்டில் குழந்தை வளர்ப்பு, உணவூட்டல் பற்றி வினா-விடை வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பல பதிப்புகள் கண்டு, ஒரு தலைமுறைத் தாய்மார்களின் கையேடாகவே விளங்கியது. இன்ன வயதில் இன்ன உணவு, இன்ன மணியில், இன்ன அளவில் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. பசி என்ன சொல்கிறது என்று குழந்தையைக் கேட்பார் எவருமில்லை. கடிகாரமும் அளவுக் கோப்பையுமே ஆட்சி செய்தன. விதித்ததை உண்ண மறுக்கும் குழந்தையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று அறிவுரை கூறிய மருத்துவர்களும் இருந்தார்கள்.

இத்தகைய சூழலில்தான் கிளாரா டேவிஸ் என்னும் குழந்தை மருத்துவர் ஒரு துணிச்சலான கேள்வியை எழுப்பினார். என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை முழுக்க முழுக்கக் குழந்தையிடமே விட்டுவிட்டால் என்னவாகும்? 1926-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரிலுள்ள மவுண்ட் சைனாய் மருத்துவமனையில், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த மூன்று குழந்தைகளைக் கொண்டு சோதனையைத் தொடங்கினார். முதல் முடிவுகள் 1928-இல் வெளிவந்தன. பின்னர் சிக்காகோவில் ஆய்வு தொடர்ந்தது. மொத்தம் 15 குழந்தைகள். சேரும்போது அவர்களின் வயது 6 மாதம் முதல் 11 மாதம் வரை. சிலர் ஆறு மாதங்களும், நீண்ட காலம் இருந்தவர்கள் நாலரை ஆண்டுகளும் இந்த முறையிலேயே உண்டு வளர்ந்தார்கள். வளர்க்க வழியற்ற ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். பலர் மெலிந்த நிலையில் வந்தவர்கள். இன்றைய ஆய்வு நெறிகளின்படி இப்படிக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் வைத்திருக்க எவரும் இசையமாட்டார்கள். இசையக் கூடாது என்பதே என் கருத்தும்.

ஆய்வின் நடைமுறை மிகவும் சுவையானது. பட்டியலில் 34 உணவு வகைகள் இருந்தன: பால், புளித்த பால், முட்டை, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, ஈரல், எலும்பு மச்சை, மீன், ஓட்ஸ், கோதுமை, பார்லி, ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, அன்னாசி, கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பசலைக்கீரை, பீட்ரூட், பட்டாணி, தக்காளி, உருளைக்கிழங்கு எனப் பலவும். உப்பும்கூடத் தனிக் கிண்ணத்தில்தான் வைக்கப்பட்டது. ஒரே வேளையில் அத்தனையும் வைக்க இயலாது என்பதால் மூன்று வேளைகளுக்குப் பிரித்து வைத்தார்கள். எந்த உணவும் மற்றொன்றோடு கலக்கப்படவில்லை. இனிப்பு இல்லை, மசாலை இல்லை, ரொட்டி இல்லை, சூப் இல்லை.

தாதியருக்கு இடப்பட்ட கட்டளையைத் தாய்மார்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். தாதி கையில் கரண்டியோடு குழந்தையின் அருகில் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். எந்த உணவையும் தானாக எடுத்து நீட்டக் கூடாது. குறிப்பால் உணர்த்தவும் கூடாது. குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாலோ சுட்டிக்காட்டினாலோ மட்டும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்கலாம். குழந்தை வாயைத் திறந்தால் ஊட்டலாம். திறக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். உண்டதற்குப் பாராட்டும் இல்லை, உண்ணாததற்குக் கண்டிப்பும் இல்லை. கையால் அள்ளித் தின்றாலும் தடை இல்லை. குழந்தை உண்பதை நிறுத்தியதும் தட்டை எடுத்துச் சென்று, மிச்சத்தை நிறுத்துக் குறித்துக்கொள்வார்கள். நிலாவைக் காட்டி, காக்கையைக் காட்டி, கதை சொல்லி ஊட்டிப் பழகிய நம் பாட்டிமார்கள் அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் ஐந்து நிமிடம்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள்!

என்ன நடந்தது? முதல் சில வேளைகளில் குழந்தைகள் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்தார்கள். உணவை மட்டுமா? கரண்டியையும் தட்டின் விளிம்பையும் காகிதத்தையும்கூட மென்று பார்த்தார்களாம். பிடிக்காததைத் துப்பினார்கள். சில நாள்களிலேயே தமக்குப் பிடித்தது எது என்று தெளிந்து, நேராக அந்தக் கிண்ணத்தைத் தேடத் தொடங்கினார்கள். ஒருவர் தேர்வு மற்றொருவர் தேர்வைப் போல் இல்லை. ஒரு குழந்தையின் காலை உணவு ஆரஞ்சுச் சாறும் ஈரலும் என்றால், மற்றொன்றின் இரவு உணவு முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். சில நாள்கள் ஒன்றையே அள்ளி அள்ளித் தின்பார்கள், பிறகு அதைத் திரும்பியும் பாரார்கள். தொற்றுக் காய்ச்சல் ஒன்று பரவி நீங்கியபோது, தேறிவந்த குழந்தைகள் மாட்டிறைச்சியையும் கேரட்டையும் பீட்ரூட்டையும் வழக்கத்தை மீறி உண்டதாக டேவிஸ் எழுதியிருக்கிறார். எலும்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெய் ஒரு சிறு கோப்பையில் வைக்கப்பட்டது. நோய் தீரும்வரை அவ்வப்போது விரும்பிக் குடித்த அக்குழந்தை, அதன்பின் அதைத் தொடவில்லை. 36,000-க்கும் மேற்பட்ட உணவுப் பதிவுகள் சேர்ந்தன. மெலிந்து வந்த குழந்தைகள் எல்லாரும் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்தார்கள்.

இந்தச் செய்தி பரவியதும் பலர் ஒரு முடிவுக்குத் தாவினார்கள். "குழந்தையின் உடலுக்கே எது தேவை என்று தெரியும், அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும்" என்பதே அது. 1946-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற தம் குழந்தை வளர்ப்பு நூலில் பெஞ்சமின் ஸ்போக் இந்த ஆய்வை எடுத்துக்காட்டி, குழந்தையின் பசியை நம்புமாறு தாய்மார்களுக்குக் கூறினார். அந்த அறிவுரையில் நன்மை உண்டு. ஆனால், டேவிஸ் சொன்னது அவ்வளவு எளிதானதன்று.

1939-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே அந்தச் சூட்சுமத்தை வெளிப்படுத்தினார். தந்திரம் குழந்தையிடம் இல்லை, உணவுப் பட்டியலில் இருந்தது! அந்த 34 வகைகளில் தேர்ந்து வைக்கப்பட்டவை யாவும் இயற்கையான, பதப்படுத்தப்படாத உணவுகள். எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி தட்டை நிரப்பியவர்கள் பெரியவர்கள்தாம். குழந்தைக்குத் தரப்பட்ட விடுதலை அந்தத் தட்டுக்குள் அடங்கிய விடுதலை. சீனியும் வெள்ளை மாவும் கலந்த பண்டங்களைத் தட்டில் வைத்தால் என்னவாகும் என்பதை அடுத்த கட்டமாகச் சோதிக்க அவர் விரும்பினார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பணம் கிடைக்காமல் அந்தச் சோதனை நடக்காமலே போயிற்று.

காய்கறி பற்றிக் கவலைப்படும் பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்று அந்த ஆய்வின் முடிவுகளிலேயே இருக்கிறது. ஏனோ அதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. குழந்தைகள் நிறைய உண்டவை பால், முட்டை, எலும்பு மச்சை, பழங்கள், தானியங்கள். மிகக் குறைவாக உண்டவற்றுள் பட்டியலிலிருந்த பத்துக் காய்கறிகளும் அடக்கம்! பசலைக்கீரையை ஒரு குழந்தை வாயில் வைத்துப் பார்க்கவே இல்லை. வற்புறுத்தல் இல்லாத, இனிப்பு இல்லாத, விளம்பரம் இல்லாத அந்த அறையிலும் காய்கறி கடைசி இடத்தில்தான் இருந்தது. ஆகவே, உங்கள் பிள்ளை கீரையை ஒதுக்குவது உங்கள் வளர்ப்பின் குறையென்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே வருவன. கசப்பை உணரும் திறனும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. சிலருக்கு மரபணு வழியாகவே முட்டைக்கோசும் கடுகுக்கீரையும் கூடுதலாகக் கசக்கின்றன.

டேவிஸின் ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறொரு வழியும் பிறந்தது. 1929-இல் கேலிச்சித்திரத் தொடரில் தோன்றிய பாப்பாய் என்னும் கப்பலோட்டி, பசலைக்கீரை தின்று பலம் பெற்றான். கீரை விளையும் டெக்சஸ் மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி மக்கள் 1937-இல் அவனுக்குச் சிலையே எழுப்பினார்கள். கீரையின் இரும்புச் சத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வாளர் தசமப் புள்ளியைத் தவறாக வைத்ததால்தான் பாப்பாய் பிறந்தான் என்னும் கதையைக் கணித வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அந்தக் கதைக்குச் சான்றில்லை என்பது 2010-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. படைப்பாளர் சேகர் தம் படத்தில் கீரைக்குக் காட்டிய காரணம் இரும்பன்று, வைட்டமின் ஏ.

டேவிஸ் விட்ட இடத்திலிருந்து அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் லீயன் பெர்ச் என்னும் உளவியலாளர். 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எத்தனை முறை சுவைத்தார்களோ அத்தனைக்கு விருப்பமும் கூடியது. பத்து, பதினைந்து முறைக்குப் பின் பிடிக்கத் தொடங்கும் உணவை நாம் மூன்றாம் முறையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்தி நிறுத்திவிடுகிறோம். 2003-இல் இங்கிலாந்தில் ஜேன் வார்டில் குழுவினர் இதையே வீடுகளில் செய்து பார்த்தார்கள். 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஒரு காயைப் பெற்றோர் 14 நாள்கள், நாளுக்கொரு முறை, சிறு துண்டாகச் சுவைக்கக் கொடுத்தார்கள். விருப்பமும் உண்ட அளவும் கூடின.

வற்புறுத்தல் என்ன செய்கிறது? 2006-இல் பெர்ச்சும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைக் காய்கறிச் சூப்பு கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று மீண்டும் மீண்டும் சொன்னார்கள். மற்றொன்றைப் பேசாமல் வைத்தார்கள். பேசாமல் வைத்த சூப்பைத்தான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி அவர்கள் பேசியவை பெரும்பாலும் குறைகளே. கைம்மாறு கொடுப்பதும் ஏறத்தாழ அப்படித்தான். "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்னும்போது பிள்ளை கற்றுக்கொள்வது, கீரை என்பது கூலி கொடுத்துத் தின்ன வைக்கவேண்டிய ஒன்று என்பதையே.

இந்தச் சுவைப் பழக்கம் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் ஜூலி மென்னெல்லா 2001-இல் காட்டினார். கருவுற்ற காலத்தில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் ஏற்றார்கள். தாய்ப்பால் வழியாகவும் சுவை சென்றடைகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பல காய்களை விலக்கிவைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ, தெரியவில்லை.

இனி, நம் தட்டுகளைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட அளவு காய்கறி, பழங்களை உண்பதில்லை. தந்தையின் தட்டில் இல்லாத வெண்டைக்காய் மகனின் தட்டில் மட்டும் ஏன் என்று பிள்ளை கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்திற்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெர்ச் 1980-இல் செய்த மற்றொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காயை விரும்பி மற்றொன்றை ஒதுக்கும் குழந்தையை, அந்த ஒதுக்கிய காயையே விரும்பும் மூன்று நான்கு குழந்தைகளின் நடுவில் அமர்த்தினார். நான்கு நாள்கள், அவ்வளவுதான். எவரும் எதுவும் அறிவுறுத்தவில்லை. அக்குழந்தைகளின் தேர்வு தோழர்களின் தேர்வை நோக்கி நகர்ந்தது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. வயதில் சிறியவர்களிடம் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

நம் பள்ளிகளில் 1979 முதல் நடைமுறையிலுள்ள ஆர்.எம்.தி. உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்துதான் உண்கிறார்கள். பாலர் பள்ளியிலும் அப்படியே. யாரை யாருக்கு அருகில் அமர்த்துவது என்பதற்குப் பணமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. வெண்டைக்காயை விரும்பித் தின்னும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது சிற்றுண்டிச்சாலையில் பரிமாறும் அக்காமார்களுக்கு நன்றாகத் தெரியும்.