பாபிலோனிய வானியல்

பாபிலோனிய வானியல் என்பது மெசபடோமியாவில் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரை களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் பதிவான வான்நோக்கு, கணிப்பு மரபு. நிமித்தத் தொகுப்புகள், நோக்கு நாட்குறிப்புகள், கணித அட்டவணைகள் என இதன் ஆவணங்கள் பெரும்பாலும் மூவகைப்படும். முதல்வகையில் தலையாயது சுமார் 70 பலகைகள் கொண்ட எனூமா அனு என்லில். அதன் 63ஆம் பலகை அம்மிசதுகா மன்னன் காலத்து வெள்ளிக் கோளின் தோற்ற, மறைவு நாள்களைத் தருகிறது.

கிரகணம் மன்னன் உயிருக்குக் கேடு என்றஞ்சி அசீரிய அரண்மனை மாற்று மன்னனை அரியணையில் அமர்த்தியதும் உண்டு. ஆகவே இம்மரபு வெறும் சோதிடமே என்பர் சிலர். நோக்கம் நிமித்தம் என்பது உண்மை. ஆனால் முறை அதைக் கடந்துவிட்டது. கி.மு. 652 முதல் கிடைக்கும் நாட்குறிப்புகள் நிலவு, கோள்களின் இடங்களோடு வாற்கோதுமை, பேரீச்சை, எள், கம்பளி விலைகளையும் யூப்ரடீஸ் நீர்மட்டத்தையும் குறிக்கின்றன. மேகம் மறைத்த இரவில் நோக்கவில்லை என்றே எழுதினர். தலைமுறைகள் தொடர்ந்த இத்தகைய பதிவுகளே 223 சந்திர மாதக் கிரகணச் சுழற்சியைப் புலப்படுத்தின. 19 ஆண்டுக்கு 235 மாதம் என்ற நாள்காட்டிக் கணக்கும் இம்மரபில் நிலைபெற்றது.

வடிவியல் மாதிரி இல்லாதது அறிவியலாகாது என்ற மறுப்பும் முழுதும் பொருந்தாது. வியாழன் கடந்த தொலைவைச் சரிவகப் பரப்பாகக் கணித்த பலகைகள் உள்ளன. கிரேக்க வானியலும் பாபிலோனியத் தரவை நாடியது; கி.மு. 721 பாபிலோன் சந்திரகிரகணப் பதிவைத் தாலமி பயன்படுத்தினார். இம்மரபில் உருவான, தலா 30 பாகை கொண்ட பன்னிரு இராசிகள் கிரேக்கர் வழியே இந்தியச் சோதிடத்தையும் அடைந்தன.