மூன்று விழுக்காட்டுத் தள்ளுபடி: ஜெர்மன் மளிகைக் கடைகளின் ஒரு நூற்றாண்டு

ஜெர்மனியில் 2001 ஜூலை வரை, கடையில் எழுதிவைத்த விலையிலிருந்து வாடிக்கையாளருக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் தள்ளிக் கொடுப்பது சட்டவிரோதம். விலையையே குறைத்து எழுதுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. எழுதிய விலை ஒன்று, கொடுக்கும் விலை இன்னொன்று என்று இருக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். பேரம் பேசிக் குறைப்பதும், தெரிந்த முகத்துக்குக் கூடுதலாகத் தள்ளுவதும், பொருளோடு இன்னொரு பொருளை இனாமாகக் கொடுப்பதும் வழக்குக்கு இடம் தந்தன. ஆல்டி, லிடில் என்ற இரு பெரும் மலிவுக்கடைச் சங்கிலிகள் பிறந்ததும் இதே நாட்டில்தான். அவற்றில் ஆல்டி இந்தச் சட்டத்தின் இடுக்கில் முளைத்தது என்றே சொல்லலாம்.

தள்ளுபடி அங்கே ஸ்டாம்ப் வடிவில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் நகரங்களின் மளிகைக் கடைகளில் கடன் கணக்கு சாதாரணம். தொழிலாளர்கள் கூடி நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலைகளோ ரொக்கத்துக்கு விற்று, ஆண்டு முடிவில் அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தன. ஒரு பக்கம் இந்தப் பண்டகசாலைகள், இன்னொரு பக்கம் புதிதாக எழுந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள். இரண்டுக்கும் நடுவே நெருக்கப்பட்ட சிறு கடைக்காரர்கள் ஊருக்கு ஊர் தள்ளுபடிச் சங்கங்களை அமைத்தார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு ஸ்டாம்ப் கிடைக்கும். அதைச் சிறு புத்தகத்தில் ஒட்டிவர வேண்டும். புத்தகம் நிறைந்ததும் கொண்டுபோய்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று விழுக்காடு என்றால் 50 மார்க்குக்குச் சரக்கு வாங்கி முடித்தவருக்கு ஒன்றரை மார்க் திரும்பி வரும். அதுவரை அந்தப் பணம் வியாபாரிகள் தரப்பில்தான் இருந்தது. பாதி நிறைந்த புத்தகத்தை வீணாக்க மனமில்லாத குடும்பத்தலைவி வேறு கடைக்கும் போகமாட்டார். தொலைந்துபோன புத்தகங்கள் கடைக்குக் கூடுதல் லாபம்.

1932இல் இலவசப் பொருள் கொடுப்பதைத் தடுக்கும் ஆணை வந்தது. 1933 நவம்பரில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே, தள்ளுபடிச் சட்டம் வந்தது. ரொக்கத் தள்ளுபடிக்கு உச்சவரம்பு மூன்று விழுக்காடு. சிறு வியாபாரிகள் நாஜிக் கட்சியின் முக்கியமான ஆதரவுத் தளம். டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் பலவற்றுக்கு யூதர்கள் உரிமையாளர்கள். கூட்டுறவுப் பண்டகசாலைகள் சமூக ஜனநாயகக் கட்சியோடும் தொழிற்சங்கங்களோடும் நெருக்கமானவை. இரண்டையும் ஒடுக்குவது சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்த வாக்கில் அடங்கும். நேர்மையான வணிகம் என்ற பெயரில் வந்த சட்டத்துக்குள் இந்தக் கணக்கும் இருந்தது.

போர் முடிந்து நாஜிச் சட்டங்கள் பல ஒழிந்த பிறகும் தள்ளுபடிச் சட்டம் மேற்கு ஜெர்மனியில் நிலைத்தது. சிறு கடைக்காரர்களைப் பகைத்துக்கொள்ள எந்தக் கட்சியும் விரும்பவில்லை என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. கிழக்கு ஜெர்மனியில் கொன்சும் கூட்டுறவுக் கடைகள் தம் உறுப்பினர்களுக்கு ஸ்டாம்ப் கொடுத்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைத் திருப்பித் தந்தன. அரசியல் இரண்டாகப் பிரிந்தாலும் சமையலறை மேசையில் ஸ்டாம்ப் ஒட்டும் பழக்கம் எல்லைக்கு இரு புறமும் தொடர்ந்தது.

ரூர் நிலக்கரிப் பகுதியில் எஸ்ஸன் நகரின் ஷொன்னபெக் என்ற தொழிலாளர் குடியிருப்பில், பின்னாளில் ஆல்டியை உருவாக்கிய ஆல்பிரெக்ட் குடும்பம் 1913இல் ஒரு சிறு மளிகைக் கடையைத் தொடங்கியிருந்தது. போரிலிருந்து திரும்பிய கார்ல், தியோ என்ற சகோதரர்கள் 1946இல் தாயாரிடமிருந்து அதை ஏற்றார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதிகச் சரக்கு வைக்க அவர்களிடம் முதல் இல்லை. குறைவான வகைகளையே வைத்து, அவற்றை மலிவாக விற்றார்கள். ஓடாத சரக்கை உடனே நிறுத்தினார்கள். வகைகள் குறைந்தால் வாடகை, கூலி, தேங்கும் முதல் எல்லாம் குறைகின்றன என்பதைக் கண்டபின், வசதி வந்த காலத்திலும் அதே வழியில் நின்றார்கள்.

ஸ்டாம்ப் விஷயத்தில் அவர்கள் செய்தது எளிய காரியம். சட்டம் அனுமதித்த மூன்று விழுக்காட்டைப் பிறகு திருப்பித் தராமல், விலையிலேயே முன்கூட்டிக் கழித்துவிட்டார்கள். ஸ்டாம்ப் அச்சிடும் செலவு இல்லை, புத்தகம் எண்ணும் வேலை இல்லை. வாங்குபவருக்குச் சேமிப்பு அன்றைக்கே கையில். மற்றக் கடைகளில் மாதக்கணக்கில் ஒட்டிச் சேர்க்க வேண்டியதை இங்கே ஒவ்வொரு ரொட்டியிலும் சர்க்கரைப் பொட்டலத்திலும் பார்க்க முடிந்தது. 1960 வாக்கில் கடைகள் ஏறக்குறைய 300 ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டில் சகோதரர்கள் பிரிந்தார்கள். கல்லாவுக்கருகில் சிகரெட் வைக்கலாமா கூடாதா என்பதே தகராறு. வைத்தால் திருட்டு பெருகும் என்றார் கார்ல். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு. 1962இல் டார்ட்முண்டில் ஆல்டி என்ற பெயரில் முதல் சுயசேவைக் கடை திறந்தது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே அடுக்குவார்கள். எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. கல்லாவில் இருப்பவர் எல்லா விலைகளையும் மனப்பாடமாக வைத்திருந்தார். பார்கோடு வருடும் கருவி 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அங்கே நுழைந்தது. பிற நாட்டுக் கடைகள் அதற்குள் கால் நூற்றாண்டு அதைப் பயன்படுத்தி முடித்திருந்தன. தியோவின் சிக்கனத்துக்கு ஓர் உதாரணம் அடிக்கடி சொல்லப்படும். 1971இல் அவரைக் கடத்திச் சென்றவர்கள் 17 நாள் வைத்திருந்து 70 லட்சம் மார்க் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தத் தொகையைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டி வரிச் சலுகை கேட்டார் தியோ.

மலிவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. கம்பெனிப் பொருள்களின் சில்லறை விலையை உற்பத்தியாளரே நிர்ணயிக்கும் உரிமை 1973 முடியும் வரை நீடித்தது. அந்தச் சரக்கைக் குறைத்து விற்க முடியாத கடை, தன் சொந்தப் பெயரில் காபியும் சோப்பும் செய்வித்து விற்றது. தரம் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க 1964இல் அரசு நிறுவிய ஷ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட் என்ற பரிசோதனை அமைப்பு உதவியது. மலிவுக்கடைப் பொருள்கள் அதன் சோதனைகளில் பலமுறை நல்ல மதிப்பெண் வாங்கின. மலிவுக்கடைக்குப் போவதை மறைக்க வேண்டிய அவசியம் நடுத்தர வர்க்கத்துக்கு மெல்லக் குறைந்தது. லிடில் தன் முதல் மலிவுக்கடையை 1973இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் திறந்தபோது பாதை போடப்பட்டிருந்தது.

மளிகையில் விலை இப்படித் தட்டையாக இருந்தது. துணிமணியில் மட்டும் ஆண்டுக்கு இரு முறை கதவு திறந்தது. குளிர்காலக் கழிவு விற்பனை ஜனவரியின் கடைசித் திங்களிலும், கோடைக்காலக் கழிவு விற்பனை ஜூலையின் கடைசித் திங்களிலும் தொடங்கும். ஒவ்வொன்றும் 12 வேலைநாள். துணி, செருப்பு, தோல் பொருள், விளையாட்டுப் பொருள் போன்ற பருவச் சரக்குக்கே அனுமதி. தேதி சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததால் நாடு முழுவதும் ஒரே காலையில் கூட்டம் கூடியது. கதவு திறக்கும் முன்பே வாசலில் நெருக்கியடித்து நின்றவர்களின் படங்கள் பத்திரிகைகளுக்கு நிச்சயமான செய்தி. ஜனவரி தொடக்கத்தில் கோட்டு வாங்குபவரை விவரம் தெரியாதவர் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். கடைகளும் இதை அறிந்து, கழிவு விற்பனைக்கென்றே தனிச் சரக்கு வரவழைக்கும் வழக்கம் உருவானது. பருவம் முடிந்த சரக்கைத் தீர்க்க வந்த ஏற்பாடு, தானே ஒரு பருவமாகிவிட்டது.

1990களில் இந்தச் சட்டச் சுவர் விரிசல் விட்டது. அமெரிக்க அஞ்சல்வழித் துணி நிறுவனமான லேண்ட்ஸ் எண்டு, எப்போது வேண்டுமானாலும் பொருளைத் திருப்பித் தரலாம் என்று உத்தரவாதம் அளித்தது. அது மறைமுக இலவசம் என்று ஜெர்மன் நீதிமன்றங்கள் தடுத்தன. 1997இல் வந்த வால்மார்ட் விலைப்போரைத் தொடங்கியது. பால், வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலானவற்றை அடக்க விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று 2000இல் கூட்டாட்சிப் போட்டி ஆணையம் வால்மார்ட்டையும் உள்ளூர் மலிவுக்கடைகளையும் சேர்த்துக் கண்டித்து நிறுத்தியது. 2006இல் வால்மார்ட் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. ஆல்டி ஏற்கெனவே இருந்த சந்தையில் மலிவு என்ற ஒரே ஆயுதம் போதவில்லை.

சட்டத்தைக் கடைசியில் வீழ்த்தியது இணையம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு மின்வணிக நெறிமுறைப்படி, இணையத்தில் விற்பவருக்குப் பொதுவாக அவருடைய சொந்த நாட்டு விதியே பொருந்தும். பிற நாட்டுக் கடை முப்பது விழுக்காடு தள்ளும்போது ஜெர்மன் கடை மூன்றோடு நிற்க வேண்டிய நிலை வந்திருக்கும். 2001 ஜூலையில் தள்ளுபடிச் சட்டமும் இலவசத் தடையும் ஒன்றாக நீங்கின. ஆனால் கடை முழுவதற்குமான சிறப்பு விற்பனைக்குத் தடை இன்னும் இருந்தது. 2002 ஜனவரி முதல் நாள்களில், யூரோ நாணய மாற்றத்தால் கல்லாவில் நெரிசல் வரும் என்று சொல்லி, கார்டில் பணம் செலுத்துவோருக்கு 20 விழுக்காடு குறைத்தது சி அண்ட் ஏ துணிக்கடை. நீதிமன்றம் தடுத்தது. பாகுபாடுதான் குறை என்றால் எல்லோருக்கும் தருகிறோம் என்று கடை சலுகையை விரித்தது, அதற்கும் தடை. மக்கள் கடையின் பக்கம் நின்றார்கள். 2004இல் நியாயமற்ற போட்டிச் சட்டம் திருத்தப்பட்டு, கழிவு விற்பனையின் நாள்கணக்கும் போனது. குளிர்கால, கோடைக்கால விற்பனைகளை வியாபாரிகள் தாமாகவே தொடர்ந்தாலும் பழைய திங்கட்கிழமை நெரிசல் திரும்பவில்லை. எப்போதும் தள்ளுபடி இருக்கும் ஊரில் வாசலில் காத்திருக்க யாருக்கும் காரணம் இல்லை.

2000இல் தொடங்கிய பேபேக் அட்டை, பழைய ஸ்டாம்ப் புத்தகத்தின் வேலையைச் செய்தது. கூடவே யார் என்ன வாங்கினார் என்ற கணக்கையும் வைத்துக்கொண்டது. வாரந்தோறும் வீட்டுக்கு வரும் நோட்டீஸ்களும் பிறகு கைபேசிச் செயலிகளும் சலுகைகளை அறிவித்தன. முன்பு தள்ளுபடியின் அளவு கட்டுப்பட்டிருந்தது. இப்போது அதன் உண்மையே கேள்வியானது. விலையை ஏற்றிவிட்டுப் பிறகு குறைத்துக் காட்டுவதைத் தடுக்க, ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி 2022 மே முதல், விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும்.

ஆல்டி தெற்குப் பிரிவின் நோட்டீஸ் ஒன்று இந்த விதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. வாழைப்பழம் கிலோ 1.69 யூரோவிலிருந்து 1.29க்கு, 23 விழுக்காடு குறைவு என்றது விளம்பரம். கடந்த 30 நாளின் மிகக் குறைந்த விலையும் 1.29தான் என்பது சிறு எழுத்தில் இருந்தது. பாடன் வூர்ட்டம்பர்க் மாநில நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. அந்தக் குறைந்த விலையை எங்கோ குறிப்பிட்டால் போதாது, தள்ளுபடி விழுக்காட்டையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கின்படி வாழைப்பழத்துக்குத் தள்ளுபடியே இல்லை.