கஞ்சா வழக்கில் ஜாமீனே கிடையாதா?

"கஞ்சா கேஸா? ஜாமீனை மறந்துவிடுங்கள்" என்று சிவகாசி, சாத்தூர் பக்கம் சொல்லக் கேட்கிறோம். இது பாதிதான் உண்மை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 37ஆவது பிரிவு கடுமையானது. பிடிபட்டது வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா என்றால், அரசு வழக்கறிஞர் எதிர்க்கும்போது நீதிபதி இரண்டு விஷயங்களில் திருப்தியடைய வேண்டும்: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் தெரிய வேண்டும். அதற்குக் குறைந்த அளவு என்றால் பொதுவாக இந்தத் தடை இல்லை.

சரி, விசாரணையே முடியாமல் வருடங்கள் ஓடினால்? டெல்லியில் 23 வயதில் கைதான ஒருவர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். 30 சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருந்தார்கள், இன்னும் 34 பேர் பாக்கி. 2023 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு அவருக்கு ஜாமீன் கொடுத்தது. விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் 37ஆவது பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்றது அத்தீர்ப்பு. ஏழைகள் சிறைப்பட்டால் பிழைப்பு போகிறது, குடும்பம் சிதறுகிறது என்பதையும் நீதிபதிகள் எழுதினார்கள். பட்டாசு ஆலை வாரக் கூலியில் ஓடும் வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போதை ஹராம், அதை விற்பவனுக்காக யாரும் பரிந்து பேசவில்லை. ஆனால் தீர்ப்பு வராதவர் இன்னும் குற்றவாளி அல்ல.

தாமதம் மட்டுமே போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். வாய்தா வாங்கியது நம் தரப்பு என்றால் மனு பலவீனமாகும். எனவே எந்தத் தேதியில் சாட்சி வரவில்லை, எதனால் ஒத்திவைத்தார்கள் என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைதான நாள், இதுவரை விசாரித்த சாட்சிகள், மீதி எத்தனை பேர் ஆகிய விவரங்களை மனுவில் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். முன்பு ஒருமுறை தள்ளுபடியான மனு என்பதால் கதவு மூடிவிடவில்லை. காலம் கடந்ததே புதிய காரணம்தான். கீழே மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கான சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. சிறையிலிருந்தபடியே அவரும் மனு எழுதலாம்.