குளிர் தந்த மலர்

வரலாறு என்றவுடன் உங்கள் நினைவில் எழுவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. பல்லாண்டுக் காலம் பள்ளியில் வரலாறு கற்பித்த நான், இன்று ஒரு செடியின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இதிலும் பேரவா உண்டு, பெருஞ்செலவு உண்டு, அறியாமையால் நேர்ந்த அழிவும் உண்டு. அச்செடி ஆர்க்கிட் என்பது.

ஆர்க்கிட் குடும்பத்தில் இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வெப்ப மண்டலக் காடுகளில் வாழும் இனங்களிற் பெரும்பாலானவை மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுச் செடிகள். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றின் ஈரத்தையும், மழைநீரையும், பட்டையில் படியும் மக்கிய பொருள்களையும் கொண்டே உயிர் வாழ்கின்றன. மரம் அவற்றிற்கு உணவன்று, உறைவிடம் மட்டுமே.

இங்கிலாந்தில் இலண்டனுக்கு அருகே பார்னெட் என்னும் ஊரில் வாழ்ந்த வில்லியம் காட்லி என்ற வணிகரிடம், பிரேசில் நாட்டிலிருந்து வந்த ஓர் ஆர்க்கிட் 1818 இல் மலர்ந்தது. பெரிய இதழ்களுடன் விளங்கிய அம்மலரை ஆராய்ந்த ஜான் லிண்ட்லி என்னும் தாவர அறிஞர், 1821 இல் வணிகரின் பெயராலேயே அதனைக் 'காட்லியா' என்று வழங்கினார். இத்தகைய மலர்களைத் தம் மாளிகைகளில் காணவேண்டுமென்னும் வேட்கை செல்வர்களைப் பற்றிக்கொண்டது. கப்பல் கப்பலாக ஆர்க்கிட்டுகள் இங்கிலாந்தின் துறைமுகங்களில் வந்திறங்கின.

ஆனால், வந்தவற்றிற் பெரும்பாலானவை மடிந்தன. காரணம் என்ன? வெப்ப மண்டலத்துச் செடி என்றால் அதற்கு வெப்பம்தானே வேண்டும் என்று அக்காலத் தோட்டக்காரர்கள் எண்ணினார்கள். கண்ணாடி வீடுகளைக் கட்டி, நிலக்கரி எரித்து, பலகணிகளை அடைத்து, இரவும் பகலும் புழுக்கம் குறையாமல் காத்தார்கள். லிண்ட்லியே 1830 ஆம் ஆண்டு வாக்கில் மிகுந்த வெப்பமும் ஈரமும் நிழலும் வேண்டுமென்றுதான் அறிவுரை கூறினார். அன்புடன் கட்டிய கண்ணாடி வீடுகள் அச்செடிகளுக்குக் கல்லறைகளாயின.

இங்கே நாம் ஒரு புவியியற் செய்தியை நினைவுகூர வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதனால் மட்டும் ஓரிடம் வெப்பமாக இருந்துவிடாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டா நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள்தான் இருக்கிறது. எனினும் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் அளவே. நம் உதகமண்டலத்தின் குளிரை அறிந்தவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும்.

ஆர்க்கிட்டுகளிற் பல இத்தகைய மலைகளின் மூடுபனியில் வாழ்வன. ஆனால் வெப்பம் மிக்க துறைமுகத்தில் கப்பலேறி வந்த செடியைக் கண்டவர்கள், அது பிறந்த மலையைக் காணவில்லை. மேலும், போட்டி வணிகர்கள் அறிந்துவிடுவார்களே என்று அஞ்சிச் செடி சேகரிப்போர் அது கிடைத்த இடத்தை மறைத்தார்கள். இடம் மறைந்தபோது அவ்விடத்தின் உயரமும் தட்பவெப்பமும் கூடவே மறைந்தன. ஒரு செய்தியை மறைத்ததனால் எத்தனை உயிர்கள் மடிந்தன, பாருங்கள்!

மாறுதல் மெல்ல வந்தது. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் 1851 இல் இலண்டனில் பளிங்கு மாளிகையை அமைத்துப் புகழ்பெற்றவர் அவரே. அத்தோட்டத்திலிருந்து ஜான் கிப்சன் என்னும் இளைஞர் 1835 இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் காசி மலைகளில் அலைந்து, 1837 இல் ஏராளமான ஆர்க்கிட்டுகளுடன் திரும்பினார். எல்லாச் செடிகளையும் ஒரே வெப்பத்தில் அடைத்து வைக்கலாகாது, காற்றோட்டம் வேண்டும், இன்னின்ன செடிக்கு இன்னின்ன வெப்பநிலை என்று பிரித்து வளர்க்க வேண்டும் என்னும் கருத்து இத்தகைய தோட்டங்களில் வேரூன்றியது. 1864 இல் ஜேம்ஸ் பேட்மன் என்பவர், ஆர்க்கிட்டுகளைக் குளிர்ச்சியில் வளர்ப்பதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். அதன்பின், எரிபொருளுக்குப் பெரும்பொருள் செலவிட இயலாத நடுத்தரக் குடும்பத்தினரும் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினர்.

இத்துடன் கதை இனிதே முடிந்திருக்கலாம், முடியவில்லை. கொலம்பிய மலைகளில் வாழும் ஓடன்டோகிளாசம் கிரிஸ்பம் என்னும் வெண்மலர்ச் செடி குளிர்ச்சியான கண்ணாடி வீட்டில் நன்கு வளரும் என்று தெரிந்ததும், அதற்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. ஆல்பர்ட் மில்லிகன் என்னும் சேகரிப்பாளர் 1891 இல் வெளியிட்ட தம் பயண நூலில், இரண்டு மாத உழைப்பில் ஏறத்தாழப் பதினாயிரம் செடிகளைத் திரட்டியதாகவும், அதற்காக நாலாயிரம் மரங்களை வெட்டி வீழ்த்தியதாகவும் எழுதியிருக்கிறார். முன்னர் அறியாமையால் செடிகள் கண்ணாடி வீட்டில் மடிந்தன. இப்போதோ அறிவு வளர்ந்ததனால் காடு மடிந்தது. அறிவுடன் அருளும் சேராவிடில் விளைவு இதுவே.

இனி, குளிர் செடியை வாழவைப்பதோடு நில்லாமல் மலரவும் வைக்கும் விந்தையைக் காண்போம். சிங்கப்பூர், மலேசியா, ஜாவா ஆகிய இடங்களில் சாலையோர மரங்களில் புறா ஆர்க்கிட் என்னும் செடி மிகுதியாக வளர்கிறது. சிங்கப்பூரில் வாழும் தமிழரிற் பலரும் இதனைக் கண்டிருப்பர். வட்டாரம் முழுவதிலும் உள்ள இச்செடிகள் ஒரே நாளில் வெண்மையாக மலர்ந்து, மணம் பரப்பி, அன்றே வாடிவிடும். நாளும் கோளும் பார்த்துச் சொல்லிவைத்தாற்போல அவை ஒன்றாக மலர்வது எப்படி?

1920களில் ஜாவாவில் கோஸ்டர் என்னும் டச்சு அறிஞர் இதனை ஆராய்ந்தார். இடியுடன் கூடிய பெருமழை பெய்யும்போது வெப்பநிலை திடீரென்று ஐந்து டிகிரி அளவு குறைகிறது. அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் மலர்கள் விரிகின்றன. மொட்டுகள் முன்னரே உருவாகி, ஓரளவு வளர்ந்தபின் உறங்கிக் கிடக்கின்றன. குளிர்ச்சியே அவற்றைத் துயிலெழுப்புகிறது. இதனால் செடிக்கு என்ன பயன்? எல்லாம் ஒரே நாளில் மலர்ந்தால்தான் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டு சேர்க்க இயலும். ஒருநாள் வாழ்வுடைய மலருக்கு ஒற்றுமையே உயிர்.

இமயத்தின் அடிவாரப் பகுதிகளில் வளரும் டென்ட்ரோபியம் நோபிலி என்னும் இனம் வேறு வகையினது. குளிர்காலத்தில் குளிர்ச்சியையும், நீர் குறைந்த ஓய்வையும் அது வேண்டும். அவை கிட்டினால் தண்டெங்கும் பூக்கும்; வெப்பமும் நீரும் இடைவிடாது கொடுத்தாலோ, மலர் தோன்ற வேண்டிய கணுக்களில் சிறு கன்றுகள் முளைத்துவிடும்.

இன்று உலகச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் தொட்டி ஆர்க்கிட்டாகிய பெலனாப்சிஸ் இந்த அறிவின் பயனாகவே ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. 28 டிகிரி செல்சியஸ் அளவான வெப்பத்தில் அது இலைகளை வளர்த்துக்கொண்டே இருக்கும்; பூக்காது. முதிர்ந்த செடியைச் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் குறைந்த குளிர்ச்சியில் வைத்தால் பூந்தண்டு கிளம்பும். தைவான் நாட்டு வளர்ப்போர் இதற்காகவே செடிகளை மலைப்பகுதிகளுக்கு ஏற்றிச் சென்றதுண்டு. நெதர்லாந்தில் இயந்திரங்கள் கண்ணாடி வீட்டைக் குளிர்விக்கின்றன. வேண்டிய நாளில் மலர வைக்கும் திறன் இன்று மனிதன் கையில் இருக்கிறது.

ஆயினும், குளிர் எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொதுமருந்து என்று கொள்ளாதீர்கள். கடற்கரைச் சமவெளிகளில் பிறந்த இனங்களைக் கடுங்குளிர் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் வெப்பமே என்று எண்ணியவர்கள் கெட்டதுபோல, எல்லாவற்றுக்கும் குளிரே என்பவர்களும் கெடுவார்கள். செடியைக் கேளுங்கள்; அது பிறந்த இடத்தைக் கேளுங்கள்.

காட்டை அழிக்க வேண்டிய தேவையும் இன்றில்லை. 1922 இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூயிஸ் நட்சன், ஆர்க்கிட்டின் தூசி போன்ற விதைகளைச் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார். ஒரே காயின் விதையிலிருந்து ஆயிரக்கணக்கான செடிகளைக் குடுவைகளில் வளர்க்க வழி பிறந்தது. 1975 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்பாடு ஒன்று, அருகிவரும் உயிரினங்களோடு ஆர்க்கிட்டுகளின் வணிகத்தையும் கட்டுப்படுத்துகிறது.

மாணவ நண்பர்களே! ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் அறிவுடைய மக்கள் செடிகளைக் கொன்றது வெறுப்பினாலன்று, விருப்பினாலேயே. ஒன்றை விரும்புவது எளிது. அதன் இயல்பை அறிந்து, அதற்கு வேண்டியதை வேண்டிய காலத்தில் அளிப்பதே அரிது. செடி வளர்ப்போர்க்கு மட்டுமன்றி, நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் பெற்றோராகவும் விளங்கப்போகும் உங்கள் அனைவர்க்கும் இச்சிறு மலரின் வரலாறு பயன்படும் என்று நம்புகிறேன்.